நான் முறுக்கிய கம்பி

ஆடி மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வரிசையில் நின்று குண்டானை நீட்டினேன். வேப்பமரக் கிளையில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் ஒரு பாட்டு முடிந்தது. மைக் செட் ரங்கன் அடுத்த இசைத்தட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்த இடைவெளியில், ஸ்பீக்கரில் என் வீட்டுக்காரர் பேசினார்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. "ஹலோ... ஹலோ..." பிறகு இங்கிலீஷில் சில எழுத்துகள், ஓர் எண், மறுபடியும் அதே எழுத்துகள்.

மைக்கைப் பார்த்தேன். அது ஒரு சாக்கின்மேல் தனியாகக் கிடந்தது. பக்கத்தில் ஆள் இல்லை.

கூழ் அகப்பை அந்தரத்தில் நின்றுவிட்டது. எங்கள் எதிர்வீட்டுத் தெலுங்குக்காரி ராஜம்மா, "அய்யோ தேவுடா" என்று என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பின்னால் ஒருத்திக்குச் சாமி வந்துவிட்டது. பம்பைக்காரர் அதற்குத் தகுந்தபடி அடிக்கத் தொடங்கினார். ஆம்பிளைகள் மரத்தை அண்ணாந்து பார்த்தபடி பின்னால் நகர்ந்தார்கள்.

எனக்கு மட்டும் சந்தேகமே இல்லை. எட்டு வருஷமாகக் கேட்கிற குரல். கோயிலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் முப்பது வாசல் இருக்கும். அவர் அந்த நேரம் எங்கள் பின்கட்டு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, தன் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் அங்கே பேசுவது இங்கே மரத்தில் எப்படி வரும்?

நான் வாயைத் திறக்கவில்லை. ரங்கன் திறந்துவிட்டான்.

"யோவ், இது நம்ம ரேடியோ கட சம்பந்தம் அண்ணன் கொரலாச்சே!"

கூட்டம் என் பக்கம் திரும்பியது. என் கையிலிருந்த கூழ் தளும்பிக் கால்மேல் கொட்டியது. சுட்டதுகூட வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

பின்கட்டு அறை

இந்தத் தொடரில் இத்தனை வாரமும் தறியையும் பட்டையும் பற்றியே எழுதிவிட்டேன். வீட்டுக்காரரைப் பற்றி நான்கு வரிகூட எழுதவில்லை என்று என் மகளுக்குக் குறை. சொல்கிறேன்.

அவர் பிறந்தது தென்னேரி. விவசாயக் குடும்பம். கலப்பை பிடிக்கப் பிடிக்காமல் காஞ்சிபுரத்துக்கு வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தார். நெசவுக்காரப் பெண்ணான என்னை அவர் கட்டிக்கொண்ட கதை பெரிய கதை. இன்னொரு நாள் மனசு இருந்தால் எழுதுகிறேன்.

ரேடியோவில் கேட்பது மட்டும் அவருக்குப் போதவில்லை. பேசவும் வேண்டும். சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதி, டெல்லியிலிருந்து முத்திரை குத்திய லைசென்ஸ் வாங்கினார். மூர் மார்க்கெட்டில் பழைய பட்டாளச் சாமான்களைத் தேடிப் பிடித்து, பேசுகிற பெட்டியைத் தானே கட்டினார். எங்கோ இருக்கிற முகம் தெரியாத ஆளைக் கூப்பிட்டு, "உங்க ஊர்ல மழையா?" என்று கேட்பதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

முன்கட்டில் என் தறி, பின்கட்டில் அவர் பெட்டி. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனாலும் கைநாட்டு வைத்ததில்லை. முழுப் பெயரையும் எழுதித்தான் கையெழுத்துப் போடுவேன், தனபாக்கியம் என்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் பிறந்த வீட்டுத் தொழில் பட்டு முறுக்குவது. இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கினால்தான் பட்டுக்குப் பலம். நான் முறுக்கிய இழையில் பிரி விட்டதாக ஒரு தறிக்காரரும் சொன்னது கிடையாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான் சொல்கிறேன்.

இரண்டு இழை

முதல் வருஷம் கூரைமேல் அவர் கட்டிய ஏரியல் ஒற்றைக் கம்பி. நடுவில் வெட்டி, அங்கிருந்து விளக்குக்குப் போடுகிற முறுக்கு வயரைப் பெட்டிவரைக்கும் இறக்கியிருந்தார். நன்றாகத்தான் வேலை செய்தது. சிலோனிலிருந்து ஒருவர் பேசினார்.

அடுத்த சித்திரையில் யாரோ பெட்டியில் பேசும்போது யோசனை சொன்னார்களாம், ஏரியலை மடித்துப் போடு, இன்னும் நன்றாக இருக்கும் என்று. அதாவது முப்பத்து மூன்று அடிக்குக் கம்பி போய், முனையில் மடங்கி, கூடவே திரும்பி வரவேண்டும். பார்க்க ஒரு நீளமான கண்ணி மாதிரி இருக்கும். அதை இரண்டு சவுக்குக் கம்பத்துக்கு நடுவில் கட்டினார். வெயிலில் வெடித்துப்போயிருந்த பழைய வயரைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு செப்புக் கம்பிகளைத் தனித்தனியாக இறக்கினார்.

அந்த இரண்டும் காற்றில் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டன. பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. ஊரில் பட்டு முறுக்குகிறவள் வீட்டில் இரண்டு இழை இப்படியா தொங்குவது?

"கழட்டிக் குடுங்க, நான் முறுக்கித் தர்றேன்" என்றேன்.

"போன தபாவும் முறுக்கு வயருதானே. முறுக்கு" என்றார் அவரும்.

கம்பிக்குத் துணி சுற்றி, ஒரு முனையை வாசல் கதவில் கட்டி, மறுமுனையில் குண்டு தொங்கவிட்டு முறுக்கினேன். ஓர் அங்குலத்தில்கூட ஏற்ற இறக்கம் இல்லை. அவர் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "மிசின்கூட இப்படி முறுக்காது, தனம்" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கு ஒரு மாசத்துக்குப் போதும்.

அதன் பிறகு எதுவும் சரியாக இல்லை.

ஜன்னல் கம்பி கடித்தது

அவர் கூப்பிட்டால் யாருக்கும் கேட்கவில்லை. பெட்டிக்குள் பெரிய கண்ணாடி வால்வின் உள்தகடு அடுப்புத் தணல் மாதிரி சிவந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது நான் ஜன்னல் கம்பியைத் தொட்டால், சுள்ளென்று கட்டெறும்பு கடித்த மாதிரி இருக்கும். விரல் நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி. அவர் பேச்சை நிறுத்தினால் கடியும் நிற்கும்.

"வீட்ல இன்னாவோ பூந்துக்கினு இருக்குது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. எதற்கும் சிரிக்கிற மனுஷன்.

ஒருநாள் பகலில், தறியில் இருந்தேன். பக்கத்தில் எங்கள் ரேடியோ மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. திடீரென்று அதில் "டப்" என்று ஒரு சத்தம். பின்கட்டில் ஏதோ விழுந்தது.

ஓடினேன். பெட்டியின் மூடி திறந்திருந்தது. சிவக்கிற வால்வு ஏன் சிவக்கிறது என்று, ஓடுகிற பெட்டிக்குள் கையை விட்டிருக்கிறார். கரண்டு தூக்கி எறிந்துவிட்டது. சுவரில் சாய்ந்து கிடந்தார். கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. முடி பொசுங்கிய நாற்றம்.

முகத்தில் தண்ணீரை வாரி அடித்தேன். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. பிறகு அவர் நெஞ்சு ஏறி இறங்கியது. "ஒண்ணியும் இல்ல, ஒண்ணியும் இல்ல" என்று இரண்டு முறை சொன்னார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்திருந்தேன். என் வயிற்றில் அப்போது ஐந்து மாதம்.

அன்றைக்கு நான் அந்தப் பெட்டியை உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை. அவர் அதைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும்.

இது நடந்து பத்து நாளில்தான் அம்மன் கோயில் ஸ்பீக்கர் பேசியது.

கன்னியப்பன் வந்தார்

கோயில் காரியங்களைப் பார்க்கிறவர் கன்னியப்பன். பெரிய தறிக்காரர். அன்று சாயங்காலமே நாலு பேரோடு எங்கள் வாசலில் நின்றார்.

"இன்னாப்பா சம்பந்தம், ஊரு கூழு ஊத்துது, நீ ஸ்பீக்கர்ல பூந்து இங்கிலீசுல மந்திரம் ஓதறியா?"

"மந்திரம் இல்லீங்க. கம்பியில ஏதோ கோளாறு. என் பேச்சு அங்க தாவுது."

"யார்கிட்ட பேசறே?"

"யார் கெடைச்சாலும்."

அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பாகிஸ்தானோடு சண்டை முடிந்து அதிக காலம் ஆகவில்லை. வெளிச்சம் தெரியாமல் ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டியது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. வந்தவர்களில் ஒருவன், "அதான் கம்பம் நட்டுக்கினு சேதி அனுப்பறான்" என்றான்.

வீட்டுக்காரர் லைசென்ஸை எடுத்துவந்து காட்டினார். கன்னியப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் இங்கிலீசுல இருக்குது. நாங்க இன்னாத்தைக் கண்டோம்? கம்பத்தை வெட்டிட்டு, உன்னை ஸ்டேசன்ல ஒப்படைச்சுட்டாப் போவுது. அவங்க படிச்சுக்கட்டும்."

ஸ்டேஷனுக்குப் போய்விட்டுத் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். லைசென்ஸைப் படிக்கிறவர் வந்து சேர்வதற்குள் என்னென்ன நடக்கும் என்றும் தெரியும். கதவைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்காரர் சொன்னார்: "ஆடி கடேசி ஞாயிறுவரைக்கும் டயம் குடுங்க. அதுவரைக்கும் பெட்டியில பேச மாட்டேன். அன்னிக்கு மூணு மணிக்கு நான் இங்க பேசறேன். நீங்க அங்க ஸ்பீக்கரைத் தொறந்து வெச்சுக்கினு கேளுங்க. என் கொரலு வந்துச்சுன்னா நீங்களே வெட்டுங்க. ஸ்டேசனுக்கு நானே நடந்து வர்றேன்."

கன்னியப்பன் என்னைப் பார்த்தார். "கேக்கறதுக்கு உம் பொஞ்சாதி வரட்டும். புருசன் கொரலு பொஞ்சாதிக்குத் தெரியாதா? அம்மன் எதிர்ல கற்பூரம் ஏத்திட்டு நிக்கட்டும். கற்பூரம் அணைஞ்சா புதுசு வெப்போம். கால் மணி நேரம் அந்த எடத்தை உட்டு நவுரக் கூடாது. பொய் சொன்னா அம்மன் பாத்துப்பா."

அம்மன் எதிரில் கற்பூரம் ஏற்றிச் சொல்வதுதான் எங்கள் தெருவில் கடைசித் தீர்ப்பு. அதன்மேல் பேச்சு கிடையாது.

எல்லாரும் போன பிறகு ராஜம்மா மெதுவாக வந்தாள். "ஏம்மா தனம், வீட்ல நாலு வார்த்தை பேசாத மனுசன், கோயில்ல வந்து அத்தினி பேசறாரே!" என்றாள். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

படத்தில் இருந்தது

மூன்று வாரம். வால்வை மாற்றினார். சுருளைப் பிரித்துச் சுற்றினார். வேறொரு பெட்டியையே கட்டினார். சொன்ன சொல் தவறாமல், பேசாமல், பெட்டியை மட்டும் ஓட்டிப் பார்ப்பார். தகடு சிவந்துகொண்டேதான் இருந்தது.

கடைசி ஞாயிற்றுக்கு நான்கு நாள் இருந்தது. தரையில் ஓர் இங்கிலீஷ் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தலையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். காப்பி கொண்டுபோன நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்து எனக்கு ஆகாது. படம் ஆகும். சேலை முழுக்கப் படம்தானே?

மேலே நீளமான கண்ணி, எங்கள் கூரைமேல் இருப்பதுதான். அதிலிருந்து இரண்டு கோடு கீழே இறங்குகிறது.

"இதுல ரெண்டு கோடும் ஒட்டாம போவுதே" என்றேன். "தறியில பாவு இழை மாதிரி தள்ளித் தள்ளி. நடுவுல ஏணிப்படியாட்டம் குறுக்குக் கோடு இன்னாத்துக்கு?"

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக, மேலேயிருந்து இறங்குகிற என் முறுக்கைப் பார்த்தார். அவர் ஒரு சொல் சொல்லுமுன்பே எனக்குப் புரிந்துவிட்டது.

அவர் எனக்கு விளக்கிச் சொன்னது இது. ஒவ்வொரு ஏரியலுக்கும் ஒரு தடை உண்டு, அதை ஓம் கணக்கில் சொல்வார்கள். ஒற்றைக் கம்பிக்கு எழுபதோ என்னவோ. முறுக்கின வயருக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதனால் முதல் வருஷம் இரண்டும் பொருந்திப் போயின. மடித்துப் போட்ட ஏரியலுக்கு அதைப்போல் நாலு பங்கு, முந்நூறு. இறங்குகிற கம்பியும் முந்நூறாக இருக்க வேண்டும். அதற்கு இரண்டு கம்பியும் ஒட்டாமல், ஒரே இடைவெளியில் வரவேண்டும். இறுக்கி முறுக்க முறுக்க அது குறைந்துபோகும்.

"எங்க தென்னேரி ஏரியில காத்து அடிச்சா அலை வந்து கரையில மோதித் திரும்பும், பாத்திருக்கியே. அப்படித்தான். மேல போற சக்தி, பொருந்தாத எடத்துல மோதித் திரும்பி வருது. வந்தது வால்வைச் சுடுது, ஜன்னல்ல ஏறுது. கோயிலுக்குத் தாவினதும் அதுதான்னு நெனைக்கறேன்."

மூன்று வாரமாக அவர் தன் கைவேலையையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார். குற்றம் என் கையில் இருந்தது. சுவரில் சாய்ந்து, கண் திறந்தபடி கிடந்தாரே, அதுவும் என் முறுக்கினால்தான். என் முறுக்கு தப்பு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

"அவுத்துடட்டுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"நான்தானே முறுக்கச் சொன்னேன்" என்றார் அவர். அதற்குமேல் அவர் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முறுக்கின கம்பி நெளிந்துபோயிருந்ததால் புதுக்கம்பி வாங்கினோம். தறிக்கு அச்சு கட்டுகிறவர் வீட்டில் மெல்லிய மூங்கில் சிம்பு கேட்டு வாங்கி, துண்டு போட்டு, ஈரம் இழுக்காமல் இருக்க மெழுகில் வேகவைத்தேன். கம்பிக்குக் கம்பி ஒரு விரல் இடைவெளி. அவர் கணக்குப் போட்டுக் கோடு கிழித்தார், என் சுண்டுவிரல் அந்தக் கோட்டுக்குச் சரியாக இருந்தது. ஒரு ஜாணுக்கு ஒரு சிம்பு வைத்துக் கட்டினேன். சனிக்கிழமை ஆடிக்காற்றில் அவர் கம்பத்தில் ஏறினார். கம்பம் ஆடியது. நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்க்காமல், அவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓட்டிப் பார்த்தார். தகடு சிவக்கவில்லை. "கோயில்ல கேக்குமா, கேக்காதா?" என்றேன்.

"நாளைக்குத்தான் தெரியும்" என்றார்.

கற்பூரம்

மறுநாள் மூன்று மணிக்குத் தெருவே கோயிலில் இருந்தது. ரங்கன் தட்டை நிறுத்தினான். ஸ்பீக்கரைத் திறந்து வைத்தான். "ம்ம்ம்" என்று ஒரே இரைச்சல். கன்னியப்பன் கற்பூரம் ஏற்றினார். கோயில் மணியை ஒருவன் மூன்று தடவை அடித்தான். அதுதான் வீட்டுக்காரர் பேசத் தொடங்கச் சைகை.

அவர் குரல் எனக்குக் கேட்கக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்நாளில் அந்த ஒரு நாள்தான்.

இரைச்சல். காற்று. எங்கோ ஒரு நாய். ரங்கன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். முதல் கற்பூரம் அணைந்து இரண்டாவது வைத்தார்கள். ஒரு சொல்லும் வரவில்லை. என் உடம்பு மெதுவாகத் தளர்ந்தது. கன்னியப்பன் முகமும் தளர்ந்த மாதிரி இருந்தது.

அப்போது ஸ்பீக்கரில் "டப்" என்றது.

மறுபடியும் இரைச்சல்.

கூட்டத்துக்கு அது ஒன்றும் இல்லை. ரங்கன்கூடத் திரும்பவில்லை. எனக்கு அது என்ன சத்தம் என்று தெரியும். தறியில் உட்கார்ந்து ஒருமுறை கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு ஏதோ விழுந்த சத்தம் வரும். முப்பது வாசலுக்கு அப்பால் விழுந்தால் இங்கே கேட்காது.

குரல் வரவில்லை. குரல் வராததற்கு எல்லாரும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நின்றேன். ஓடினால் சத்தியம் முறியும், கம்பத்தை வெட்டுவார்கள், அவரை இழுத்துப் போவார்கள். நின்றால், அங்கே முகத்தில் தண்ணீர் அடிக்க ஆள் இல்லை. அம்மன் முகத்தைப் பார்த்தேன். நான் நின்றேன். மூன்றாவது கற்பூரம். எதுவும் அவ்வளவு மெதுவாக எரிந்து நான் பார்த்ததில்லை.

"டயம் ஆச்சு" என்றான் ரங்கன்.

"சொல்லும்மா. கேட்டுச்சா?"

"கேக்கல" என்றேன். "அவர் கொரலு கேக்கவே இல்ல." கடைசி வார்த்தை வரும்போது ஓடிக்கொண்டிருந்தேன். ஐந்து மாத வயிறு ஆறாகியிருந்தது. பின்னால் ராஜம்மா, "பாத்தும்மா, விழுந்துடப் போறே" என்று கத்திக்கொண்டே வந்தாள்.

பின்கட்டுக் கதவு சாத்தியிருந்தது. சத்தமே இல்லை. தள்ளினேன்.

முதுகு தெரிந்தது. பெட்டியின் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அசையவில்லை. காதில் மாட்டிக் கேட்கிற கருவி. நான் அவர் தோளைத் தொட்டேன். தொடும்போது என் கை எதை எதிர்பார்த்தது என்று எழுத எனக்கு மனசு இல்லை.

அவர் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். ஒரு விரலை உதட்டில் வைத்து, இரு என்றார். யாரோ தூரத்து ஆள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பேசினால் சுவிட்சை இந்தப் பக்கம், கேட்டால் அந்தப் பக்கம். சுவிட்ச் அடித்த சத்தம்தான் ஸ்பீக்கரில் வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

"இன்னா தனம், கேட்டுச்சா அங்க?" என்றார். அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ராஜம்மாதான் கதவிலிருந்து சொன்னாள், கேட்கவில்லை என்று.

கம்பம் தப்பியது. கன்னியப்பன் அதன் பிறகு தன் வீட்டு ரேடியோவை எங்கள் கடைக்கே ரிப்பேருக்கு அனுப்பினார். என் பயம் மட்டும் போகவில்லை. நான் தறியில் இருக்கும்போது பின்கட்டில் பேச்சு நின்றால் என் கை நிற்கும். "இருக்கறீங்களா?" என்று கேட்பேன். காதில் கருவி இருந்தாலும், பேச முடியாமல் இருந்தாலும், அவர் ஒருமுறை இருமியாக வேண்டும். அவர் இருமிய பிறகுதான் என் தறியில் குறுக்கு இழை ஓட்டுகிற நாடா அடுத்த கரைக்குப் போகும்.